நிலத்தடி எரிவாயுச் சேமிப்புக் கிணறுகளுக்கு வயர்லெஸ் கண்காணிப்பு: அமைப்பது எப்படி, எங்கே ஏமாறுவோம்

2015 அக்டோபர் 23 அன்று லாஸ் ஏஞ்சலஸுக்கு வடமேற்கே, அலிசோ கேன்யன் சேமிப்புக் களத்தில் எஸ்எஸ்-25 என்ற கிணறு உடைந்தது. 1953-ல் எண்ணெய்க்காகத் தோண்டிய கிணறு அது. எண்ணெய் வற்றிய பிறகு அதே பாறையடுக்கில் எரிவாயுவை அடைத்து வைக்கவும் குளிர்காலத்தில் எடுக்கவும் பயன்பட்டது. தரைக்குக் கீழே 892 அடியில் அதன் 7 அங்குலக் கேசிங் (கிணற்றின் சுவராக இறக்கும் இரும்புக் குழாய்) நீளவாக்கில் கிழிந்தது. பிறகு குறுக்கே இரண்டாகப் பிரிந்தது. மேலிருந்து சேறு இறக்கி அடைக்க எடுத்த முயற்சிகள் எல்லாம் தோற்றன. பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி, அடியில் போய்ப் பிடித்த பிறகுதான், 2016 பிப்ரவரியில் கசிவு நின்றது. அதற்குள் ஏறத்தாழ 97,100 டன் மீத்தேன் காற்றில் கலந்துவிட்டது. களத்தை ஒட்டிய போர்ட்டர் ரேஞ்ச் குடியிருப்பில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது.

2019-ல் வெளியான மூலகாரண ஆய்வு, நிலத்தடி நீர் பட்டுக் கேசிங்கின் வெளிப்புறத்தை நுண்ணுயிரிகள் அரித்ததைக் காரணமாகக் காட்டியது. கிணற்றின் அழுத்தத்தை நொடிக்கு நொடி பார்க்கும் ஏற்பாடு எதுவும் இல்லாததால் கசிவை உடனே அடையாளம் காணவும், எவ்வளவு போகிறது என்று கணிக்கவும் முடியவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. கலிஃபோர்னியா 2018-ல் விதிகளைத் திருத்தியது. ஒரே ஒரு உலோகச் சுவரை நம்பி எந்தக் கிணறும் இயங்கக் கூடாது, அழுத்தத்தை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும் என்பவை அவற்றின் சாரம்.

நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகள் மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் இப்படியொரு களத்துக்குக் கேபிள் இழுப்பது பெரும் செலவு. ஆகவே வயர்லெஸ். ஆனால் கருவி வாங்கி மாட்டிவிட்டால் கண்காணிப்பு வந்துவிடாது. திரையில் தெரியும் எண் இந்த நிமிடத்து எண்தானா, அது அந்தக் கிணற்றுக்கு இயல்பானதுதானா என்ற இரண்டு கேள்விக்கும் எந்நேரமும் பதில் இருக்க வேண்டும். அதற்கான வழிமுறையே இந்தக் கட்டுரை.

முதலில் எதை அளப்பது

கிணறு என்பது ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள். நடுவில் டியூபிங், எரிவாயு போய்வரும் பாதை. அதைச் சுற்றி உற்பத்திக் கேசிங். அதற்கும் வெளியே மேற்பரப்புக் கேசிங். டியூபிங்குக்கும் உற்பத்திக் கேசிங்குக்கும் இடைப்பட்டதை ஏ வளையம் என்பார்கள். உற்பத்திக் கேசிங்குக்கும் மேற்பரப்புக் கேசிங்குக்கும் இடையே இருப்பது பி வளையம். அடியில் பேக்கர் என்ற அடைப்பானைப் போட்டு ஏ வளையத்தை மூடி, அரிப்புத் தடுப்பு மருந்து கலந்த திரவத்தால் நிரப்பியிருப்பார்கள்.

பணம் குறைவாக இருந்தால், வாயு உணரிகளை வாங்குவதற்கு முன் வளையங்களுக்கு அழுத்த டிரான்ஸ்மிட்டர் (அழுத்தத்தை அளந்து அனுப்பும் கருவி) வாங்குங்கள். காற்றில் வாயு தெரிவது கடைசிக் கட்டம். வளையத்தின் அழுத்தம் அதற்கு முன்பே பேசிவிடும். ஏ வளையத்தின் அழுத்தம் டியூபிங் அழுத்தத்தை நோக்கி ஏறினால் டியூபிங், பேக்கர், வெல்ஹெட் (தரைமட்டத்தில் உள்ள கிணற்றின் தலைப்பகுதி) சீல் ஆகியவற்றில் ஏதோ ஒன்று கசிகிறது. காரணமின்றி இறங்கினால் கேசிங் பக்கம் சந்தேகப்படுங்கள். பி வளையத்தில் ஏற்றம் என்றால் வாயு சிமென்ட் வழியாகவோ கேசிங் வழியாகவோ மேலே வருகிறது. எஸ்எஸ்-25-ல் மேற்பரப்புக் கேசிங் சுமார் 990 அடி வரை இறங்கியிருந்தது. 7 அங்குலக் குழாய் கிழிந்த இடம் அதற்குள்ளேதான் இருந்தது.

ஆக, ஒரு கிணற்றுக்குக் குறைந்தது மூன்று டிரான்ஸ்மிட்டர்: டியூபிங், ஏ, பி. இன்னொரு கேசிங் இருந்தால் நான்கு. பாயும் குழாயில் ஒரு வெப்பநிலை உணரியும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் தேவை அலாரம் வைக்கும்போது புரியும்.

டிரான்ஸ்மிட்டர் தேர்வு

பலரும் தவறும் இடம் இது. பி வளையத்தில் வழக்கமாக 10, 20 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) இருக்கும். எனவே துல்லியமாகப் படிக்கட்டும் என்று 0–300 பிஎஸ்ஐ சென்சாரை வாங்கிவிடுவார்கள். கேசிங் கிழிகிற நாளில் அந்த வளையத்துக்குள் 2,000 பிஎஸ்ஐக்கு மேல் வரலாம். சென்சாரின் சவ்வு நசுங்கும்; மோசமான நிலையில் அதுவே கசியும் வாயிலாகும். நமக்குத் தகவல் மிகவும் தேவைப்படும் அதே நிமிடத்தில் கருவி செத்துப்போகும்.

மறுபக்கம், 0–5,000 பிஎஸ்ஐ சென்சாரை அப்படியே போட்டால் 0.1 சதவீதத் துல்லியம் என்பது 5 பிஎஸ்ஐ. 12-லிருந்து 18-க்கு ஏறிய மெதுவான கசிவு அந்த மங்கலுக்குள் மறைந்துவிடும்.

வழி இதுதான். அந்த வளையத்துக்கு வரக்கூடிய உச்ச அழுத்தத்தை, அதாவது களத்தின் அதிகபட்ச வெல்ஹெட் அழுத்தத்தை, தாங்கும் சென்சாரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதன் ஸ்பானை, அதாவது அளக்கும் வீச்சை, பத்தில் ஒரு பங்கு வரை சுருக்கி அளவுதிருத்தம் செய்யுங்கள். நல்ல தரமான டிரான்ஸ்மிட்டர்கள் 10-க்கு 1 வரை சுருக்கினாலும் துல்லியத்தை விடாது. விவரத்தாளில் "அதிக அழுத்த வரம்பு", "வெடிப்பு அழுத்தம்" என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அளவு கெடாமல் தாங்குவது. இரண்டாவது உடையாமல் தாங்குவது. முதலாவதைப் பார்த்து வாங்குங்கள்.

ஒவ்வொரு அளவிடத்துக்கும் வேண்டியவை: அரை அங்குல என்பிடி (அமெரிக்கக் குழாய்த் திருகுத் தரம்) இணைப்புள்ள 316 ஸ்டெயின்லெஸ் டிரான்ஸ்மிட்டர் ஒன்று, டபுள் பிளாக் அண்ட் பிளீட் வால்வு (இரண்டு அடைப்பும் நடுவில் ஒரு வடிப்பு வாயும் உள்ளது) ஒன்று, கண்ணால் பார்க்க ஒரு டயல் கேஜ், பிளீட் வாய்க்கு ஒரு பிளக், ஒரு வெயில் மறைப்பு. வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் நனையும் பாகங்கள் எல்லாம் அந்த வாயுவைத் தாங்கும் உலோகங்களுக்கான நேஸ் எம்ஆர்0175 தரத்தில் இருக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டர், அதன் பேட்டரி, ஆன்டெனா மூன்றுமே வாயு தீப்பிடிக்கக்கூடிய அபாயப் பகுதிக்குச் சான்று பெற்றவையாக இருக்க வேண்டும். அமெரிக்க முறையில் கிளாஸ் 1, டிவிஷன் 1, குரூப் டி. சான்று அந்த மூன்றும் சேர்ந்த தொகுப்புக்குத்தான். கடையில் கிடைத்த வேறு பேட்டரியைப் போட்டால் சான்று அந்த நொடியே போய்விடும்.

வயர்லெஸ்ஸால் இன்னொரு நன்மையும் உண்டு. கேசிங்கின் வெளியரிப்பைத் தடுக்கச் சிறு மின்னோட்டம் செலுத்தும் கேத்தோடிக் மின்பாதுகாப்பு கொடுத்திருப்பார்கள். வெல்ஹெட்டைப் பைப்லைனிலிருந்து காப்பு ஃபிளாஞ்ச் (மின்சாரம் கடத்தாத குழாய் மூட்டு) போட்டுப் பிரித்திருப்பார்கள். கம்பி வழிக் கருவியின் கவசக் கம்பி அந்தப் பிரிவைத் தாண்டி எர்த் ஆனால், பாதுகாப்பு மின்னோட்டம் அந்த வழியே வடிந்துவிடும். பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டருக்கு அப்படி ஓர் இணைப்பே இல்லை. எஸ்எஸ்-25-ஐக் கொன்றது வெளியரிப்புதான் என்பதை நினைத்தால், இது சின்ன விஷயமல்ல.

பொருத்தும்போது

சென்சாரைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள். இணைப்புக் குழாய் கிணற்றை நோக்கிச் சரிந்திருக்கட்டும். கீழ்ப்பக்கத்தில் எடுத்தால் திரவம் தேங்கும், குளிரில் உறையும். எரிவாயுவோடு நீர் சேர்ந்தால் பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட் உருவாகும். சுத்த மீத்தேனுக்கே 4 டிகிரி செல்சியஸில் 570 பிஎஸ்ஐ அளவு அழுத்தம் போதும். ஈத்தேனும் புரொப்பேனும் கலந்த வாயுவில் அதற்கும் குறைவான அழுத்தத்திலேயே வரும். பிளீட் வால்வைப் படாரெனத் திறந்தால், அழுத்தம் 100 பிஎஸ்ஐ குறைய ஏறக்குறைய 4 டிகிரி குளிரும். அந்த இடத்திலேயே அடைப்பு விழும். மெதுவாகத் திறங்கள்.

இணைத்த பிறகு சோப்பு நீர் தடவி ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். அடுத்து, பெயர்ச் சோதனை. ஏ வளையத்தின் டிரான்ஸ்மிட்டர் முன்னால் உள்ள அடைப்பு வால்வை மூடி, பிளீட்டை மெல்லத் திறந்து, கட்டுப்பாட்டு அறையில் உள்ளவரிடம் எந்த எண் விழுகிறது என்று கேளுங்கள். ஏ விழ வேண்டிய இடத்தில் பி விழுந்தால் இரண்டு கருவியின் பெயரும் மாறிப்போயிருக்கிறது. ஒரு கிணற்றில் மூன்று, ஒரு மேடையில் (கிணறுகளுக்காகச் சமன்செய்த இடம்) ஆறு கிணறு என்றால் பதினெட்டு ஒரே மாதிரிப் பெட்டிகள். இந்தக் குழப்பம் நடக்கும். பெயர்ச் சோதனை செய்யாத கிணறு இன்னும் கண்காணிப்புக்குள் வரவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

முடித்துவிட்டுப் போகும்போது அடைப்பு வால்வு திறந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இந்த முழு அமைப்பிலும் மிக அடிக்கடி நடக்கும் தவறு, அளவுதிருத்தம் செய்துவிட்டு வால்வைத் திறக்க மறப்பதுதான். சென்சாருக்கும் வால்வுக்கும் இடையே சிக்கிய கொஞ்சம் வாயுவை அது அளந்துகொண்டே இருக்கும். திரையில் எண் அழகாக, நிதானமாக நிற்கும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அந்த எண் வெயில் ஏறினால் ஏறும், இரவில் இறங்கும், நாள் தவறாமல் ஒரே அலை, களம் முழுக்க வாயு செலுத்தத் தொடங்கினாலும் அது மட்டும் அசையாது. இந்த வடிவம் தெரிந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம், முதலில் வால்வைப் பாருங்கள்.

ரேடியோ

ஒரு மேடையில் பல கிணறுகள் இருந்தால், மேடைக்குள் வயர்லெஸ்ஹார்ட் என்ற கருவி வலை. மேடையிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு 900 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ. மலைப்பாங்கான களத்துக்கு இந்த இரண்டடுக்கு அமைப்பு நன்றாகப் பொருந்தும். தனியாக ஒரே ஒரு கிணறு நிற்கும் மேடையில் வலை போடாதீர்கள். வலைக்குக் கால்களே இருக்காது. அங்கே மூன்று டிரான்ஸ்மிட்டரையும் குட்டையான கம்பியில் ஒரு சிறிய ஆர்டியூவோடு (அளவுகளைத் திரட்டி அனுப்பும் பெட்டி) இணைத்து, அதிலிருந்து ரேடியோ போதும்.

வயர்லெஸ்ஹார்ட் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது. ஒவ்வொரு கருவியும் பக்கத்துக் கருவியின் செய்தியையும் கடத்தும். வடிவமைப்புக்குத் தொழிலில் பயன்படும் கைக்கணக்கு: நடுவில் தடையே இல்லை என்றால் 230 மீட்டர், சில்லறைத் தடைகள் இருந்தால் 150, டாங்கும் குழாய்ச்சட்டமும் நிறைந்த இடத்தில் 75, அடர்த்தியான இரும்புக் காடு என்றால் 30. ஒவ்வொரு கருவிக்கும் எட்டும் தூரத்தில் குறைந்தது மூன்று அண்டைக் கருவிகள் வேண்டும். வலையின் செய்திகளை வாங்கும் மையப் பெட்டியான கேட்வேக்கு நேரடியாக எட்டும் கருவிகள் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். ஆன்டெனா செங்குத்தாக, பெரிய இரும்புக் கட்டமைப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

வரைபடத்தில் சரியாக இருக்கும் வலை, பழுதுபார்க்கும் ரிக் (கிணற்றுக் கோபுர இயந்திரம்) வந்து நிற்கும் நாளில் அறுந்துபோகும். ரிக்கே ஒரு இரும்புச் சுவர். மேலும் அந்தக் கிணற்றின் டிரான்ஸ்மிட்டர்களைக் கழற்றியிருப்பார்கள். அவை கடத்திக்கொண்டிருந்த அண்டைக் கருவிகளும் அதோடு மௌனமாகும். வடிவமைக்கும்போதே எந்த ஒரு கிணற்றையும் முழுதாக நீக்கிப் பார்த்து, மிச்சம் நிற்கிறதா என்று சோதியுங்கள். நிற்காவிட்டால் கம்பத்தில் ஒரு ரிப்பீட்டர் கூடுதலாக வையுங்கள்.

மேடையிலிருந்து மலையுச்சி ரிப்பீட்டருக்கு 3 கிலோமீட்டர் என்று கொள்வோம். 915 மெகாஹெர்ட்ஸில் திறந்தவெளி இழப்பு 101 டெசிபெல். 1 வாட், அதாவது 30 டிபிஎம் (மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) அனுப்பி, இரு பக்கமும் 6 டிபிஐ பெருக்கமுள்ள ஆன்டெனா, கேபிள் இழப்பு மொத்தம் 3 என்றால் வந்து சேர்வது ஏறத்தாழ மைனஸ் 62 டிபிஎம். கருவி மைனஸ் 105 வரை கேட்கும் என்றால் 40-க்கும் மேல் கையிருப்பு. தாராளம்தான். ஆனால் நடுவில் ஒரு மேட்டின் விளிம்பு தலைகாட்டினால் 20, 30 டெசிபெல் அதுவே விழுங்கிவிடும். பார்வைக்கோடு தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. நடுப்புள்ளியில் ஃபிரெனல் மண்டலத்தின், அதாவது பார்வைக்கோட்டைச் சுற்றி அலை பரவும் பகுதியின், ஆரம் இந்தத் தூரத்துக்கு 15.7 மீட்டர், அதில் 60 சதவீதம், அதாவது 9 மீட்டருக்கு மேல், காலியாக இருக்க வேண்டும். எல்லாம் கழித்து 20 டெசிபெல் கையிருப்பு மிஞ்சினால் தைரியமாக நிறுவலாம். அளப்பதை வசந்தகாலத்தில், புதர் இலைவிட்ட பிறகு செய்யுங்கள்.

அவசர அடைப்பை, அதாவது வால்வைத் தானாக மூடும் கட்டளையை, இந்த ரேடியோவை நம்பி விடாதீர்கள். அது கிணற்றருகே உள்ள, அழுத்தம் எல்லை மீறினால் தானே இயங்கும் பைலட்டாலோ கம்பி வழியோ நடக்கட்டும். வயர்லெஸ் பார்ப்பதற்கு மட்டும்.

மின்சாரம்

டிரான்ஸ்மிட்டரில் லித்தியம் தயோனில் குளோரைடு பேட்டரி இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் பல ஆண்டுகள் வரும். வினாடிக்கு ஒருமுறை என்றால் ஓராண்டிலேயே மாற்றும் நிலை வரலாம். டியூபிங்குக்கும் ஏ வளையத்துக்கும் 1 நிமிடம், பி வளையத்துக்கு 5 நிமிடம் என்பது நியாயமான தொடக்கம். வலையின் நடுவில் நிற்கும் கருவி மற்றவர் சுமையையும் தூக்குவதால் அதன் பேட்டரி முதலில் தீரும். நீண்ட நாள் கிடங்கில் கிடந்த பேட்டரியில் லித்தியத்தின் மேல் ஒரு படலம் படிந்திருக்கும். முதல் முறை சுமை ஏறும்போது மின்னழுத்தம் சரிந்து, புதுக் கருவி "பேட்டரி தீர்ந்தது" என்று சொல்லும். தூக்கி எறிய வேண்டாம். மேசையில் வைத்துச் சில நாள் ஓடவிட்டால் படலம் கரையும். எல்லாக் கருவியையும் களத்துக்குக் கொண்டுபோகும் முன் ஒரு வாரம் மேசையில் ஓட்டுவது இதற்காகவும்தான்.

கேட்வேயும் ரேடியோவும் சேர்ந்து 8 வாட் என்றால் ஒரு நாளுக்கு 192 வாட்-மணி. டிசம்பரில் 4 மணி நேர முழு வெயில், இழப்புப் போக 70 சதவீதம் என்று வைத்தால் 69 வாட் பேனல் வருகிறது. தூசியும் பறவை எச்சமும் உண்டு, 120 வாட் போடுங்கள். வெயிலே இல்லாமல் 5 நாள் தாங்க 960 வாட்-மணி. 12 வோல்ட்டில் 80 ஆம்பியர்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 160 ஆம்பியர்-மணி. கலிஃபோர்னிய மலையில் இந்த 5 நாள் ஆடம்பரமல்ல. காட்டுத்தீப் புகை பேனலை மறைக்கும்; பலத்த காற்று வீசும் நாட்களில் தீ பிடிக்காமலிருக்க மின்வாரியமே மின்சாரத்தை நிறுத்தும். 2019 அக்டோபரில் சாடில்ரிட்ஜ் தீ போர்ட்டர் ரேஞ்ச் பக்கம் வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் களத்தில் ஆள் நுழைய முடியாமல் போகலாம். திரை மட்டும்தான் கண்.

பழைய எண்ணைக் காட்டும் திரை

கேட்வேயிலிருந்து ஸ்காடாவுக்கு (கட்டுப்பாட்டு அறையின் கண்காணிப்பு மென்பொருள்) பெரும்பாலும் மாட்பஸ் என்ற தகவல் நெறிமுறை வழியே தகவல் போகும். மாட்பஸில் ஒரு ரெஜிஸ்டரில், அதாவது நினைவுக் கட்டத்தில், ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான். அது எப்போது வந்தது என்ற நேரமுத்திரை கிடையாது. டிரான்ஸ்மிட்டர் மூன்று நாளாகப் பேசாவிட்டாலும், கேட்வே கடைசியாகக் கேட்ட எண்ணை அப்படியே வைத்திருக்கலாம். ஸ்காடா ஒவ்வொரு பத்து வினாடிக்கும் கேட்கும், 14.2, 14.2, 14.2 என்று வாங்கும், பச்சை விளக்கு எரியும். கண்காணிப்பே இல்லாத கிணறு, கண்காணிப்பில் இருப்பதாகத் தோன்றும். கண்காணிப்பு இல்லை என்று தெரிந்திருப்பதைவிட இது ஆபத்து.

தடுக்க மூன்று வேலை. கேட்வே அமைப்பில் தொடர்பு போனால் எண்ணுக்குப் பதில் "எண் அல்ல" என்ற மதிப்பையோ, வரம்புக்கு வெளியே உள்ள ஒரு மதிப்பையோ காட்டும்படி மாற்றுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் தரநிலைக் குறியைத் தனி ரெஜிஸ்டராக எடுத்து ஸ்காடாவில் இணையுங்கள். எண் வரவேண்டிய இடைவெளியைப்போல் மூன்று மடங்கு நேரம் கடந்தும் புதுச் செய்தி இல்லையென்றால் அலாரம் அடியுங்கள். அந்த அலாரம் உயர் அழுத்த அலாரத்துக்குச் சமமான வரிசையில் இருக்கட்டும்.

தனிக் கிணறுகளின் ஆர்டியூவுக்கு டிஎன்பி3 நெறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியோ அறுந்த நேரத்து அளவுகளை நேரமுத்திரையோடு சேமித்து, தொடர்பு வந்ததும் அனுப்பிவிடும். கடிகாரம் எல்லா இடத்திலும் யூடிசி (உலகப் பொது நேரம்). உள்ளூர் நேரம் வைத்தால் நவம்பரில் ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். கசிவு எப்போது தொடங்கியது என்று பின்னால் தேடுபவர் தவிப்பார்.

அலாரம்

எல்லாக் கிணற்றுக்கும் ஒரே வரம்பு வைக்காதீர்கள். பி வளையத்தின் மேல்வரம்பைக் கணக்கிட்டு வையுங்கள். மேற்பரப்புக் கேசிங்கின் அடி 1,000 அடியில், அங்குள்ள பாறை அடிக்கு 0.7 பிஎஸ்ஐ தாங்கும் என்றால் அங்கே 700 பிஎஸ்ஐ. வளையம் முழுக்க நீர் இருந்தால் அதன் எடையே 433. மிச்சம் 267 பிஎஸ்ஐ மேலே வந்தால் அடியில் பாறை விரிசல் விடத் தொடங்கும். எனவே அலாரம் அதன் பாதியில், 130 பக்கம். "வெல்ஹெட் 3,000 தாங்கும், 200 எல்லாம் ஒன்றுமில்லை" என்று நினைப்பவர்கள் வெல்ஹெட்டை மட்டும் பார்க்கிறார்கள். முதலில் விட்டுக்கொடுப்பது பாறை.

உச்ச வரம்பைவிட மாற்ற வேகம் முக்கியம். எடுப்பது தொடங்கினால் அடியிலிருந்து சூடான வாயு வரும், வளையத்துத் திரவம் விரியும், அழுத்தம் ஏறும், நிறுத்தினால் இறங்கும். இந்த இயல்பான ஏற்ற இறக்கத்தைப் பிரிக்கத்தான் பாயும் குழாயில் வெப்பநிலை உணரி கேட்டோம். வெப்பநிலை மாறி அழுத்தமும் மாறினால் பதிவு மட்டும். வெப்பநிலை அப்படியே இருக்க அழுத்தம் நகர்ந்தால் அலாரம். மெதுவான கசிவைப் பிடிக்க, தினமும் விடியற்காலை 4 முதல் 5 மணி வரையிலான சராசரியை மட்டும் எடுத்து 30 நாள் வரைபடம் போடுங்கள். அந்த நேரத்தில் வெயில் தொல்லை இல்லை. நாளுக்கு அரை பிஎஸ்ஐ ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும்.

அழுத்தம் ஏறியிருக்கிறது, வெப்பமா கசிவா தெரியவில்லை என்றால் வடித்துப் பார்க்கும் சோதனை. அரை அங்குல நீடில் வால்வு வழியே பாதுகாப்பான இடத்துக்கு மெதுவாக வடியுங்கள். வந்தது வாயுவா திரவமா, எவ்வளவு என்று எழுதுங்கள். பூஜ்யத்துக்கு வந்ததும் மூடி 24 மணி நேரம் வயர்லெஸ் வளைவைப் பாருங்கள். சோதனை நேரத்துக்கு மட்டும் இடைவெளியை 10 வினாடியாக்கலாம். திரும்ப வரவில்லையென்றால் வெப்பம். முதலில் வேகமாகவும் பிறகு தணிந்தும் பழைய அளவுக்கே திரும்பினால் எங்கிருந்தோ ஊட்டம் வருகிறது. மறுபடி மறுபடி வடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். ஒவ்வொரு வடிப்பும் கசிவுப் பாதையைக் கழுவிப் பெரிதாக்கக்கூடும், வளையத்துத் திரவத்தையும் குறைக்கும்.

வாயு உணரிகள்

மீத்தேன் காற்றில் 5 சதவீதம் சேர்ந்தால் எரியும்; அது 50,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). வெல்ஹெட் உணரியின் முதல் அலாரத்தை எல்இஎல்-இல், அதாவது அந்த எரியும் எல்லையில், 10 சதவீதம் என்று வைத்தால் 5,000 பிபிஎம். சாதாரணக் காற்றில் இருப்பது சுமார் 2 பிபிஎம். நடுவில் உள்ள பெரும் பரப்பில் அந்த உணரி குருடு. தொழிலாளியின் உயிருக்கு அது வேண்டும். கசிவைத் தொடக்கத்தில் பிடிக்க உதவாது. அதற்கு எல்லையோரத்தில் பிபிஎம் அளவில் படிக்கும் திறந்தபாதை அகச்சிவப்புக் கருவிகள். அலிசோ கேன்யனில் விபத்துக்குப் பின் குடியிருப்பை நோக்கிய எல்லையில் அத்தகைய 8 ஜோடிகளை நிறுவினார்கள்.

பேட்டரியில் ஓட வேண்டுமென்றால் அகச்சிவப்பு வகையே எடுங்கள். வாயுவைச் சூடான மணியில் எரித்து அளக்கும் வினையூக்கி மணி வகை மின்சாரத்தைக் குடிக்கும். சிலிக்கோன் கலந்த கிரீஸ் ஆவி பட்டால் நஞ்சாகி, சத்தமில்லாமல் உணர்விழக்கும். மீத்தேன் காற்றைவிட லேசானது, ஆகவே கசியக்கூடிய ஃபிளாஞ்சுக்குச் சற்று மேலே, காற்று வழக்கமாக வாயுவை அடித்துச் செல்லும் பக்கம் வையுங்கள்.

உப்புப் பாறையைக் கரைத்து உண்டாக்கிய குகைகளில் வாயு சேமித்தால் வேறு கவலைகள்: குகை அழுத்தம், உப்புநீர்க் குழாயின் அழுத்தமும் ஓட்டமும், தரை இறங்குதல். 2001 ஜனவரி 17 அன்று கன்சாஸின் யாகியில் ஒரு குகைக் கிணற்றின் கேசிங்கிலிருந்து கசிந்த வாயு நிலத்தடியில் சுமார் 7 மைல் நகர்ந்து, ஹட்சின்சன் ஊருக்குள் மறந்துபோன பழைய உப்புக் கிணறுகள் வழியே வெடித்து வெளிவந்தது. இருவர் இறந்தார்கள். குகை அழுத்தம் விழுந்தது பதிவானது. அந்த வீழ்ச்சியும் ஊரில் நடந்த வெடிப்பும் ஒன்றுதான் என்று புரிய நேரமானது. குகைக் களத்தில் அழுத்த வீழ்ச்சி அலாரம் அடித்தால் யாருக்கெல்லாம் போன் போக வேண்டும் என்ற பட்டியலில் ஊர்த் தீயணைப்பு நிலையமும் இருக்கட்டும்.

பூட்டும் சோதனையும்

ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி இணைப்புச் சாவி கொடுங்கள். பெட்டியில் வந்த பொதுச் சாவியை விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து கேட்வேக்குள் நுழையும் வழி எதுவும் திறந்திருக்க வேண்டாம். வெண்டருக்கு வேண்டுமென்றால் வேலை நேரத்துக்கு மட்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்போடு திறங்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் எரிபொருள் பைப்லைனை நிறுத்திய தாக்குதல், அந்த இரண்டாம் அடுக்கு இல்லாத ஒரு பழைய விபிஎன் (தொலைவிலிருந்து நுழையும் வழி) கணக்கு வழியே வந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரையும் முழுப் பாதையில் சோதியுங்கள். அடைப்பு வால்வை மூடி, கைப்பம்பால் 0, 25, 50, 75, 100 சதவீத அழுத்தம் கொடுத்து ஐந்து இடத்தில் ஒப்பிடுங்கள். அலாரம் வரம்பைத் தாண்டவிட்டு, கட்டுப்பாட்டு அறையில் மணி அடித்ததா, பொறுப்பாளரின் போனுக்குச் செய்தி போனதா என்று கேட்டு நேரத்தை எழுதுங்கள். பேட்டரியைக் கழற்றி, மூன்று மடங்கு நேரத்துக்குள் மௌன அலாரம் வருகிறதா பாருங்கள். பேட்டரியைத் திரும்ப மாட்டி, அடைப்பு வால்வைத் திறந்து, டயல் கேஜின் எண்ணும் திரையின் எண்ணும் ஒன்றா என்று போனில் கேட்டு உறுதிசெய்த பிறகு அடுத்த கிணற்றுக்குப் போங்கள்.